டென்மார்க் அலுமாரிக்குள் மாட்டிக்கொண்ட தாலிக்கொடி

இன்று காலை எட்டு மணி. சுவிஸ் வின்டர்தூரில் எங்கள் வீட்டு ஹோல். என் கையில் பாதித் திறப்பு. (சாவியைத்தான் சொல்கிறேன்.)

மீதிப் பாதி பூட்டுக்குள்.

எந்தப் பூட்டு? பழைய சாமான் கடையில் பிடித்து, மூன்று மாதம் தேய்த்து, எண்ணெய் பூசி நான் உயிர் கொடுத்த டென்மார்க்கில் செய்த தேக்கு அலுமாரியின் பூட்டு. (அலுமாரி என்று மனைவிதான் சொல்வாள். அது சைட்போர்ட்.)

அதற்குள் மனைவியின் தாலிக்கொடி.

பத்தரைக்கு பாடன் நகரில் அவளுடைய தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் அவள்தான் தோழி. தாலி கட்டும் நேரம் மணவறையில் நிற்க வேண்டியவள். வெறுங்கழுத்தோடு போய் நின்றால் சனம் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் திறப்பு வாங்கும்போதே வெடிப்பு விட்டிருந்தது. புதுப் பூட்டுப் போடச் சொன்னார் கடைக்காரர். ஒரிஜினல் பித்தளையைக் கழற்ற மனம் வருமா? வீடியோ பார்த்து நானே ஈயம் வைத்து ஒட்டினேன்.

கதவுக்குக் கைப்பிடி இல்லை. திறப்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அதனால் திறப்பு எப்போதும் என் சட்டைப் பையில். வேறு யாரும் தொடக் கூடாது.

மனைவி முதல் மாதம் சண்டை பிடித்தாள். பிறகு திறப்புக் கேட்பதையே விட்டுவிட்டாள். பழைய பொருளின் அருமை புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே நின்ற துண்டைச் சாமணத்தால் கவ்வி இழுத்தேன். துண்டு இன்னும் உள்ளே போனது.

தீக்குச்சி நுனியில் சூப்பர் குளூ வைத்து இழுத்தேன். இப்போது தீக்குச்சியும் உள்ளே.

மனைவி பட்டுச் சேலையோடு வந்து நின்றாள்.

"என்னப்பா, திறப்பு உடைஞ்சிட்டுதோ?"

"உடையேல்லை. பிரிஞ்சிருக்கு."

"ட்ரில் இருக்குத்தானே. பூட்டைத் துளையுங்கோவன்."

"அறுபது வருசப் பூட்டப்பா. துளைச்சா மரமும் வெடிச்சிடும்."

"என்ரை தம்பிக்குக் கலியாணம் ஒருக்காத்தான்."

(அதை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.)

ட்ரில்லை எடுத்துக் கதவில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். ட்ரில்லைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். குசினியில் இருந்து பட்டர் பூசும் கத்தியை எடுத்து வந்தாள். அலுமாரியைச் சுவரில் இருந்து இழுத்துத் திருப்பினாள்.

பின்பக்கம் மெல்லிய பலகை. ஆறு ஸ்குரூ. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. பலகையைச் சாய்த்து, கையை விட்டு, தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"உமக்கு இது எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு வருசமா வீட்டுக்கு வாற ஆக்களுக்கு இதுக்குள்ள இருக்கிற நல்ல கோப்பையிலதான் தேத்தண்ணி குடுக்கிறன். நீங்கள் வேலையில. திறப்பு உங்கட பொக்கற்றுக்குள்ள. கோப்பை என்ன பறந்தோ வந்தது?"

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கலியாணம் நல்லபடி முடிந்தது.

பழைய தளபாடம் திருத்தும் அண்ணைமாருக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் அலுமாரியைச் சுவரில் இருந்து இழுத்துப் பாருங்கள். பின்பக்க ஸ்குரூ லேசாகக் கழன்றால், பேசாமல் திருப்பி முறுக்கிவிட்டு வந்து இருங்கள்.

மனைவியிடம் கேட்டால் பதில் இருக்கும்.