எந்த ஓரமுங்க?

நாச்சிமுத்து சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். வெப்பாலம்பாளையத்தில் நெசவுத் தெரு முடிந்து நாமக்கல் ரோட்டைப் பிடிக்கும் முக்கில் வண்டிப்பேட்டை இருக்கிறது. அங்கே வந்ததும் ஊரிலுள்ள மற்ற சைக்கிள்காரர்கள் மரியாதையாக இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, மாட்டு மூக்குக்கும் பஸ் மூக்குக்கும் நடுவே நுழைந்து வெளியேறுவார்கள். இவர் மட்டும், பின்னால் சேலை மூட்டை தலைக்கு மேல் எழும்பி நிற்க, "வாரேனுங்க! வாரேனுங்க!" என்று கத்திக்கொண்டே மிதிப்பார். வழி விடச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. வருகிற விஷயத்தைத் தெரியப்படுத்துகிறார், அவ்வளவுதான்.

வயது நாற்பத்தைந்து. ஒடிசலான உடம்பு, கால் மட்டும் உரமேறிப்போய் இருக்கும். சங்கிலியில் மாட்டாதபடி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருப்பார். சைக்கிளில் மணி கிடையாது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கான்ஸ்டேபிள் நிறுத்தி, "பெல் எங்கய்யா?" என்று மிரட்டினால், பையிலிருந்து எடுத்து அவர் காதுக்குப் பக்கத்திலேயே கிணுகிணுவென்று அடித்துக் காட்டுவார். "இருக்குதுங்களே சாமி! இருக்கோணும்னுதானே சொன்னீங்க, எங்க இருக்கோணும்னு சொல்லலீங்களே" என்பார். மணி அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று நல்ல வார்த்தையாக யாராவது கேட்டால், அவருக்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறார். "மணி அடிச்சா, நீங்க போங்க சாமி, நான் ஒதுங்கிக்கறேன்னு கெஞ்சற மாதிரி ஆயிடுதுங்க. நான் எதுக்குங்க கெஞ்சோணும்? நானும் ரோட்டுலதானே போறேன்?"

முப்பது தறிக்கு இவர்தான் கால். நெய்த சேலைகளைச் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ராசிபுரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், திரும்பும்போது நூல் வாங்கிவந்து தறிக்குத் தறி கொடுப்பதும் இவர் பாடு. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்கள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. சின்ன மேடு வந்தாலும் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டியிருக்கிறது. அதனாலேயே ஊரில் சைக்கிள் பெருகிப்போயிற்று. நாற்பதுக்குக் குறையாது. டயர்தான் கிடைப்பதில்லை. நாச்சிமுத்துவின் பின்சக்கரத்தில் டயர் எது, ஒட்டு எது என்று இப்போது அவருக்கே தெரியாது.

வண்டிப்பேட்டைச் சுவரில் பஞ்சாயத்து போர்டார் தார் எழுத்தில் ஒரு உத்தரவு எழுதி வைத்தார்கள்: "சைக்கிளில் செல்வோர் ரஸ்தாவின் ஓரமாகவே செல்லவேண்டும்." அதை நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தார். வீட்டுக்குப் போய்த் துணி அளக்கும் கெஜக்கோலை எடுத்துவந்து, பேட்டையிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் ரோட்டை அளக்க ஆரம்பித்துவிட்டார். ரோட்டின் நடு, பஸ்ஸுக்கு. அதற்கு இரண்டு பக்கமும் பாரவண்டிகள். வண்டிகளுக்கு அப்பால் ஜல்லிக் குவியல்கள். ரிப்பேருக்கென்று யுத்தத்துக்கு முன்னால் கொட்டியவை; இன்று அவற்றின்மேல் கோவைக்கொடி படர்ந்து காய்த்தும் இருக்கிறது. ஜல்லிக்கு அப்பால் சாக்கடை. போர்டார் போகச் சொன்ன ஓரம் கெஜக்கோலுக்கு அகப்படவே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் கேள்வி. யார் "ஓரம் போ" என்றாலும், "எந்த ஓரமுங்க?" என்று திருப்பிக் கேட்பார். ரப்பர் ஹாரனை அமுக்கும் பஸ் டிரைவரிடம் கேட்பார், ஆடு ஓட்டிப்போகிறவரிடமும் கேட்பார். பாரவண்டி காளியண்ணன் ஒரு நாள் வண்டியிலிருந்தபடியே சாட்டைக்குச்சியால் சாக்கடையைக் காட்டி, "அதா இருக்குதே ஓரம், கண்ணு தெரியலையா?" என்றார்.

"அது சாக்கடைங்க. உங்க மாடு எறங்குமுங்களா? மொதல்ல அதை எறக்கிக் காட்டுங்க. பொறவு நான் எறங்கறேன்."

காளியண்ணன் மாட்டைத்தான் அதட்டினார்.

நாச்சிமுத்து போர்டுக்கு ஒன்பது மனு எழுதினார். ஒன்பதிலும் ஒரே சங்கதி: ஜல்லியை அள்ளுங்கள், சாக்கடையை ஒட்டி ஒன்றரை கெஜம் மண்ணை மட்டம் செய்யுங்கள், அதில் பஸ்ஸும் பாரவண்டியும் ஏறக்கூடாது என்று உத்தரவு போடுங்கள். மனுக்கள் போய்ச்சேர்ந்த இடம் ஓவர்சியர் கைலாசத்தின் மேஜை. கைலாசம் அதே நெசவுத் தெருப் பிள்ளை. நாலெழுத்துப் படித்து, காக்கி டவுசரும் தொப்பியுமாகி, தறி இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மனுவை ஒற்றை விரலால் தள்ளிவிட்டுச் சிரித்தார். "சைக்கிளுக்குன்னு தனியா ரோடு கேக்கறியே நாச்சிமுத்து, நாளைக்கு ஆட்டுக்கு ஒண்ணு, கோழிக்கு ஒண்ணு போடச் சொல்லுவியா?"

"சைக்கிளுக்கு வரி போட்ட மாதிரி, கோழிக்கு நீங்க வரி போடலீங்களே!"

இதெல்லாம் வாய்ச் சண்டையாகவே முடிந்திருக்கும். போன ஐப்பசியில் தபால்கார மாரியப்பன் விழாமலிருந்தால்.

சந்தை நாள் காலை. மாரியப்பன் முன்னால், நாச்சிமுத்து பின்னால். பஸ் ஹாரன் அடித்தது. மாரியப்பன் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை, ஓரம் போனான். முன்சக்கரம் ஜல்லியில் சறுக்கி, சைக்கிளோடு ரோட்டுப் பக்கம் சாய்ந்தான். வந்துகொண்டிருந்த பாரவண்டியின் சக்கரம் அவன் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கிற்று. வண்டிக்காரனால் அதற்குள் மாட்டை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. மாரியப்பனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வைத்தியர் வீடுவரை ஓடியவர் நாச்சிமுத்துதான். கால் கூடிற்று, ஆனால் கோணலாகக் கூடிற்று. இப்போது அவன் தடியூன்றி வந்து, தபாலாபீஸில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறான்.

ஜல்லியை இப்போதாவது அள்ளுவார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. போர்டார் யோசித்த யோசனையோ வேறு. சந்தை நாளில் மத்தியானம்வரை அந்த ரோட்டில் சைக்கிளே வரக்கூடாது என்று தடை போடலாமா என்று பேச்சு எடுத்தார்கள். விழுந்தவன் மேல்தான் குற்றம்! இதைக் கேட்ட அன்று நாச்சிமுத்து சோற்றில் கை வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் ராசிபுரம் சந்தை கலைந்துவிடும். தடை வந்தால் முப்பது தறிச் சேலையும் வீட்டிலேயே கிடக்கும், வாராவாரம் கிடைக்கிற கொஞ்ச நூலும் வராது, இவருக்கும் பிழைப்பு இல்லை. கார்த்திகைக் கடைசிச் சந்தையன்று ஓவர்சியர் நேரில் பார்த்து, சைக்கிளுக்கு இடம் உண்டா இல்லையா என்று ரிப்போர்ட் எழுதவேண்டும், அதை வைத்துத் தீர்மானம் என்று ஏற்பாடாயிற்று.

நாச்சிமுத்து மனு எழுதுவதை விட்டார். மண்வெட்டியை எடுத்தார். நாலைந்து சைக்கிள்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மாரியப்பன் விழுந்த இடத்தில் நாற்பது கெஜ தூரத்துக்கு ஜல்லியை வாரி எதிர்ப்பக்கம் கொட்டி, மண்ணை மட்டம் தட்டினார். விடிந்து பார்த்தால் அதன்மேல் பாரவண்டிகள் சொகுசாக நின்றன. கல் நட்டுப் பார்த்தார். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவருக்குப் பாவு ஞாபகம் வந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு இழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து உலர்த்துவார்களே, அதுதான் பாவு. அது கட்டியிருக்கும் தெருவில் வெப்பாலம்பாளையத்தில் ஒரு வண்டியும் ஏறாது. கல்யாண மாப்பிள்ளையே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஒருவன் தெரியாத்தனமாகக் கால் பட்டு ஓர் இழையை அறுத்துவிட்டால், நின்று அதை முடிந்துவிட்டுத்தான் அப்பால் நகருவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாருக்கும் கையில் ஊறிப்போன வழக்கம் அது.

ரோட்டோரத்தில் முளை அடித்து, கழிவு நூலைப் பாவு மாதிரி இழுத்துக் கட்டினார். காளியண்ணன் வண்டியிலிருந்தபடியே ஒரு பார்வை பார்த்தார். "சிக்கு நூலைக் கட்டி வெச்சுக்கிட்டு எனக்கே பூச்சாண்டி காட்டறயா?" என்று சொல்லி, அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். நெசவூரில் வண்டி ஓட்டுகிறவருக்கு நூல் தெரியாதா? ஊரே சிரித்தது. நாச்சிமுத்து மட்டும் சிரிக்காமல், அறுந்து கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து பெண்சாதி அங்கம்மாளிடம், "உன்ர பாவைக் குடு" என்றார். மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய நூல். அரக்குச் சாயம் போட்டு, நாலு சேலைக்கு ஓட்டி வைத்த பாவு. அது போனால் பங்குனிவரை அவள் தறி சும்மா நிற்கவேண்டியதுதான்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? அதைக் கொண்டுபோயி ரோட்டுல போடறதா?"

"பொய்ப் பாவைத்தான் மெதிச்சுப்போட்டாங்க அங்கம்மா. நெசப் பாவை மெதிக்க இந்த ஊர்ல எவனுக்கும் காலு வராது."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா, நாம இத்தனை நாளா இருந்தது வேற ஊருன்னு நெனைச்சுக்கலாம்."

அங்கம்மாள் பாவுச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாரியப்பன் கால் ஒடிந்து கிடந்தபோது அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். "நீங்க ஒருத்தரா புடிச்சா பாவு தொய்ஞ்சு போகுமுங்க. ஒரு தலைப்பை நான் புடிக்கறேன்" என்றாள்.

கார்த்திகைக் கடைசிச் சந்தையன்று வெளிச்சம் வரும்போதே நாற்பது கெஜமும் அரக்குநிறத்தில் விறைப்பாக நின்றது. ஒரு கோடியில் அங்கம்மாள் கஞ்சிக் குண்டாவும் கஞ்சி தடவும் நார்க் குச்சமுமாக நின்று, நெசவுத் தெருவில் நிற்பதுபோலவே இழைகளை நீவிக்கொண்டிருந்தாள். முதலில் காளியண்ணன் வண்டிதான் வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். "அட பாவி மனுசா!" என்று கயிற்றை இழுத்து, மாட்டை நடுரோட்டுக்குத் திருப்பினார். பின்னால் வந்த வண்டிகளும் திரும்பின. கரி பஸ் இருமிக்கொண்டே வந்து, பாவைக் கண்டு, நடந்து போகிறவன் வேகத்துக்கு இறங்கிற்று. பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒன்றரை கெஜ மண் காலியாகக் கிடந்தது. அதில் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாரியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றான். "அண்ணா, ஒருத்தருகூட சைக்கிளை விட்டு எறங்கலீங்கண்ணா" என்றான். நாச்சிமுத்து முளையை ஒரு தட்டுத் தட்டினார்.

எட்டு மணிக்கு ஓவர்சியர் கைலாசம் வந்தார். போர்டு பிரெசிடெண்டின் காதுக்கு அதற்குள் செய்தி போய், அவர் வாய்மொழியாக உத்தரவும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ரஸ்தாவை மறிச்சிருக்கே. எடு நாச்சிமுத்து."

"மறிக்கலீங்க. ஓரமாத்தான் போட்டிருக்கறேன். எந்த ஓரம்னு கேட்டனுங்களே, இதுதானுங்க."

"எடுக்கறயா, அறுத்துப்போடட்டுமா?"

"அறுங்க. நான் எடுக்க மாட்டேனுங்க. இன்னிக்கு எடுத்தா நாளைக்கு அதுமேல வண்டி நிக்கும். அடுத்த வாரம் எங்களை ரோட்டுக்கே வராதேம்பீங்க. அறுக்கறதா இருந்தா நீங்களே அறுங்க. முப்பது தறிக்காரங்களும் பாத்துக்கட்டும்."

அங்கம்மாள் குச்சத்தைக் கீழே வைத்தாள். காளியண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கைலாசம் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் பின்வாங்கினால் தொப்பிக்கு மரியாதை இருக்காது. பேனாக்கத்தியை விரித்து, குனிந்து, ஓரத்து இழையில் வைத்தார். கஞ்சி ஏறிய நூல் சுருக்கென்று அறுந்து துள்ளிற்று. ஒரு இழை.

இரண்டாவது இழைக்குக் கத்தி போகவில்லை. கைலாசத்தின் இடது கை, அவரைக் கேட்காமலே, துள்ளிய நூலின் நுனியைப் பிடித்திருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதை உருட்டி முறுக்கத் தொடங்கிவிட்டன. வலது கை கத்தியை மடித்துப் பையில் போட்டுவிட்டு, இழைகளுக்கு அடியில் எதையோ துழாவிற்று.

நாச்சிமுத்து குனிந்து மறு நுனியைத் தேடி எடுத்தார். நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, முறுக்கி, ஓவர்சியரின் விரலுக்கு எட்டும்படி நீட்டினார்.