அக்காவின் பன்னிரண்டு வாய்கள்

எழுத்தைத் தட்டினால் கம்ப்யூட்டரில் ஒரு முகம் அதை அப்படியே பேசிக் காட்ட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது, இறுதியாண்டு ப்ராஜெக்டாக இதைத்தான் செய்யப்போகிறேன் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். எப்படிச் செய்வதென்று துளியும் தெரியாது. உதடு எந்த எழுத்துக்கு எப்படி அசைகிறது என்று கவனித்தவன் இல்லை நான்.

கவனித்தவள் என் அக்கா. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. அதன்பிறகு சீவலப்பேரியில் எங்கள் வீட்டில் யார் பேசினாலும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அவள் பக்கம் திரும்பி, உதட்டை நன்றாக அசைத்துப் பேசுவது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அவளும் பேசுவாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஒரு சொல் உரக்க வரும், ஒரு சொல் மூக்கில் போகும். அதனால் வெளியே வாயைத் திறக்க மாட்டாள். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் அவசரத்துக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு என் நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படம் எடுக்க அவளையே உட்காரவைத்தேன். இரவல் கேமரா, பின்னால் அப்பாவின் வெள்ளை வேட்டி. ஆ-வுக்கு ஒரு வாய், ஈ-க்கு ஒன்று, ஊ-வுக்குக் குவிந்த வாய், ப-வுக்கும் ம-வுக்கும் சேர்த்து மூடிய வாய். எட்டுப் படம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிரிண்ட் போட்டு வந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டைவிரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினேன். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"வாய் குதிக்குது லே. மனுசங்க இப்படியா பேசுதாவ? நடுவுல அரை வாய் வேணும்."

மறுபடி உட்கார்ந்தாள். பாதி திறந்தது, பாதி மூடியது, கீழுதட்டைப் பல் தொட்டது என்று பன்னிரண்டு ஆயிற்று. அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் அந்த முகம் மனுசி மாதிரிப் பேசியது. எனக்குக் கிடைத்த மார்க்கெல்லாம் அவளுடையது. குரல் மட்டும் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது, எழுத்தெழுத்தாகப் பதிவு செய்து கோத்தது.

"மொதல்ல அது என்ன பேசும்?" என்று அக்கா கேட்டாள்.

"நீயே சொல்லுக்கா."

யோசித்து ஒரு தாளில் எழுதித் தந்தாள். 'வணக்கம். நான் இவனுடைய அக்கா.' நாலு பேர் முன்னால் பேச அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கட்டாயம் அதையே பேசவைக்கிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

ப்ராஜெக்டைக் காட்டும் நாளில் வீட்டாரும் வந்து பார்க்கலாம் என்றிருந்தார்கள். பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். லேபுக்குள் என் நண்பர் கூட்டம். அவள் கூச்சப்பட்டு வாசலோரம் நின்றுகொண்டாள். தேர்வாளர் வந்தார். பொத்தானைத் தட்டினேன். திரையில் அக்காவின் முகம் வாயசைத்தது.

"வணக்கம். எங்கள் துறைக்கு உங்களை வரவேற்கிறோம்."

காலையிலேயே வரியை மாற்றியிருந்தேன். தேர்வாளருக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம்ப்பா. யாரு இந்தப் பொண்ணு?" என்றார். அக்கா என்று சொன்னால் கூப்பிடுவார், நீயும் ஒரு வரி பேசும்மா என்பார், அந்தக் குரலை இத்தனை பேரும் கேட்பார்கள். அவளுக்காகப் பயந்தேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். அவளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"தெரியாது சார். யாரோ ஒரு பொண்ணு. கடையில கெடச்ச படம்."

அவள் காதில் விழக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். காது கேளாதவளுக்குப் பயந்து குரலைத் தாழ்த்திய மடையன் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வீட்டுப் பழக்கத்தில் உதடு மட்டும் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொல்லிவிட்டது. நிமிர்ந்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழவில்லை, கோபிக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினாள். சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். பாதி வழியில் பொறுக்க முடியாமல் அவள் தோளைத் தொட்டேன். திரும்பினாள். "எக்கா" என்று நான் வாயெடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மன்னிச்சிரு எக்கா, மன்னிச்சிரு எக்கா என்று அந்த மூடிய கண்களிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் மற்ற எல்லோருக்கும் கேட்டது. ஊர் வந்து சேரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.