கணவாயில் கட்டிய தறி

அடுப்பில் பன்றிக்கறி கொதிக்கும்போதே பாம்ரெய்லா ஜெபத்தைத் தொடங்கிவிடுவாள். கண்ணை மூட மாட்டாள். மூடினால் கறி அடிப்பிடித்துவிடும். வீட்டுக்கு வந்த உறவுக்காரரிடம் குறை சொல்வதுபோலத்தான் ஆண்டவரிடம் அவள் பேச்சு. "நேத்துச் சொன்னதுதான், இன்னைக்கும் சொல்றேன். ரெண்டு ஊர்த் துப்பாக்கியும் துருப்பிடிச்சுப் போகட்டும். மழையை மட்டும் தெனம் அனுப்புறீங்கல்ல?" நடுவில் என் பக்கம் திரும்பி, "உப்பு போதுமா பாரு" என்பாள். பிறகு ஆமென்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறும் மூங்கில் தட்டிதான். அவள் ஜெபத்தில் பாதி என் காதுக்கும் வந்துவிடும்.

ஜெபம் இல்லாத நேரத்தில் தறி. நூலின் ஒரு முனையை வாசல் கம்பத்தில் கட்டி, மறுமுனையின் வாரை இடுப்பில் மாட்டிக்கொண்டு, வழியை மறித்து உட்கார்ந்துவிடுவாள். மகன் யாங்மி வேட்டைக்குக் கிளம்பும் நாளில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வெளியேறுவான். பெண்ணின் தறியைத் தொட்டவன் அன்று துப்பாக்கி எடுக்கக் கூடாது என்பது எங்கள் மலையின் வழக்கம். சர்ச்சுக்குப் போகத் தொடங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இதை மட்டும் யாரும் விடவில்லை.

"கொஞ்சம் நகரும்மா."

"மானுக்கும் அம்மா இருப்பாடா."

"நேத்து அந்த மான்கறியை ரெண்டு தட்டு தின்னது யாரு?"

"அது பசி," என்று நாடாவை ஓட்டுவாள்.

ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஷாரெய்தான் அவள் பிறந்த ஊர். வாழ்க்கைப்பட்டது இங்கே. இப்படி இரண்டு ஊருக்கும் சொந்தமானவளை நாங்கள் புக்ரெய்லா என்போம். சண்டைக்கு நடுவே அவள் வந்து நின்றால் இரண்டு பக்கமும் ஆயுதத்தைத் தாழ்த்த வேண்டும். ஈட்டி வைத்திருந்த காலத்துச் சட்டம் அது. துப்பாக்கிக்காரர்களிடம் செல்லுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஷாரெய்க்காரர்கள் ஓடைத் தலைப்பில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். எங்கள் வயலில் தண்ணீர் வற்றியது. நியாயம் கேட்கப் போன எங்கள் பையன் ஒருவன் பல் உடைந்து திரும்பினான். அங்கே முன்னால் நிற்பவன் பாம்ரெய்லாவின் சொந்தத் தம்பி ராம்யோ. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கறியில் உப்பு இரண்டு தரம் விழுகிறது. "பல்லுக்கும் நியாயம் வேணும், தண்ணிக்கும் நியாயம் வேணும்," என்பாள். "உக்காந்து கேக்கணும். சுட்டுப்புட்டுக் கேட்டா யாரு பதில் சொல்வா?" பிறந்த வீட்டுப் பாசம் பேசுது என்று பெண்களே சிரித்தார்கள்.

எங்கள் சர்ச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். அந்த இரைச்சலில் யார் என்ன கேட்கிறார் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். போதகர் மணி அடித்ததும் சட்டென்று அடங்கிவிட வேண்டும். போன புதன்கிழமை மணி அடித்தது, அடங்கினோம். பாம்ரெய்லாவுக்கு மட்டும் காதில் விழவில்லை.

"என் மவன் நெல்லுக் குதிருக்குள்ள துப்பாக்கியை ஒளிச்சு வச்சிருக்கான் ஆண்டவரே. சனிக்கிழமை விடியக்காலம் கணவாய்க்குப் போறாங்களாம். அங்க என் தம்பி நிப்பான்."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசி பெஞ்சில் நண்பர்களோடு இருந்த யாங்மி எழுந்து வெளியே போனான்.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகனும் பேசியது தட்டி வழியாக என் காதில் விழுந்தது.

"மானத்தை வாங்கிட்டியேம்மா."

"ஆண்டவர்கிட்டதாண்டா சொன்னேன்."

"ஊரே கேட்டுச்சு. இனிமே நான் போகலைன்னா, ஷாரெய்க்காரி பெத்த பய பயந்துட்டான்னு சொல்வாங்க. போயே ஆகணும்."

போகக் கூடாதென்று கேட்ட ஜெபமே அவனைப் போகவைத்துவிட்டது.

சனிக்கிழமை இருள் பிரியுமுன் அவள் தறியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் போனேன்.

"நீ எதுக்கு?"

"நூல் சிக்கினா எடுக்க ஆள் வேண்டாமா?"

இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கணவாயில் பாதை ஒற்றையடி. ஒரு ஓரம் பாறையும் மரமும், மறு ஓரம் பள்ளம். அவள் தறியைப் பிரித்துப் பிடிக்க, மரத்தில் முடிச்சு போட்டது நான். வாரை மாட்டிக்கொண்டு பள்ளத்தோரமாக உட்கார்ந்தாள். பாதை முழுக்கத் தறி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அவள் ஜெபித்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் ஷாரெய் ஆட்கள். எல்லார் கையிலும் துப்பாக்கி.

"எந்திரிக்கா," என்றான் ராம்யோ. "இது ஆம்பளைங்க விவகாரம்."

"தண்ணி சுமக்கிறது ஆம்பளையாடா? புக்ரெய்லா உக்காந்திருக்கேன். தாண்டுறவன் தாண்டு."

யாரும் தாண்டவில்லை. யாரும் திரும்பிப் போகவும் இல்லை. எங்கள் பக்கத்தில் எவனோ சுடுவதற்குத் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திய சத்தம் கேட்டது. பாம்ரெய்லா மகனைப் பார்த்தாள்.

"யாங்மி, மரத்துல முடிச்சு தளருது. ரெண்டு கையாலயும் இறுக்கிக் கட்டு."

"தொடாதடா," என்றான் பின்னால் நின்றவன். "தொட்டா உன் துப்பாக்கி போச்சு."

முடிச்சு தளரவில்லை. கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா? யாங்மியும் அதைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். பிறகு துப்பாக்கியைப் புல்லில் கிடத்திவிட்டு, குனிந்து, தளராத முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கினான்.

பாம்ரெய்லா அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு வாரைக் கழற்றி, தம்பியின் பக்கம் நீட்டினாள்.