கனமான கரியும் ஒரு கல்யாணமும்

என் நாத்தனார் அபிநயா, ஏனாத்தூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வைரத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் தெருவில் இதற்குப் பொருள், அவளுக்கு மூக்குத்தியில் தோஷம் பார்க்கத் தெரியும் என்பது. கல்லை எடுத்துக்கொண்டு வராத வீடு பாக்கியில்லை.

அவள் உண்மையில் படித்தது இவ்வளவுதான். வைரம் முழுக்கக் கரி. அந்தக் கரியணுக்களில் நூற்றுக்கு ஒன்று மட்டும் கொஞ்சம் கனம். எல்லாவற்றையும் கனமான அணுவாகவே வைத்து வைரம் செய்தால், அவற்றின் அதிர்வு குறைந்து சற்றே நெருங்கி உட்காரும். அடுக்கும் முறை மாறாது; இடைவெளி மட்டும் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு சுருங்கும். இதற்கு நாலு வருஷம்.

செவிலிமேட்டு சிவராஜை அவளே விரும்பிக் கேட்டாள், நிச்சயம் செய்தோம். கல்யாணத்துக்கு வைரத் தோடு எடுக்க வேண்டும். வைரத்தை எங்களில் பார்த்தவுடன் வாங்கிவிட மாட்டார்கள். கடையிலிருந்து கொண்டுவந்து சில நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். தோடு வீட்டுக்கு வந்த மறுநாளே மாமனார் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டவர்களை யாரும் திட்டவில்லை. பழி கல்லின் மேல் விழுந்தது.

சிவராஜின் அம்மா சம்பூர்ணம் மகனோடு வந்து உட்கார்ந்தார். "கல்லு ராசி ஆவலம்மா. எனக்கு மனசு ஒப்பல."

அபிநயா பொறுமையாக அணுக்கதை முழுவதையும் சொன்னாள். "எல்லா வைரத்துலயும் இப்படித்தான் அத்தை. ராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நூத்துல ஒண்ணு கோளாறுன்னு நீயே சொல்றியேமா. அது இல்லாத கல்லா பார்த்து எடுத்துக்கினு வாங்க."

"அத லேப்லதான் செய்வாங்க. கடையில கிடைக்காது."

"கிடைக்கிற வரைக்கும் கல்யாணத்த தள்ளி வெச்சிக்கலாம்."

நாலு வருஷப் படிப்பு எங்கள் வீட்டுக்கு முதல்முறையாகப் பயன்பட்டது, கல்யாணத்தை நிறுத்த.

அபிநயா சிவராஜைப் பார்த்தாள். இன்ஜினியர். அவள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிரமாதம் என்றவன். "நீ சொல்லு" என்றாள்.

அவன் காபி டம்ளரைப் பார்த்தபடி, "அம்மா சொல்றதுலயும் ஒரு லாஜிக் இருக்குது அபி" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் இல்லை. எழுந்து போய்ப் பூஜை அறையிலிருந்து தோட்டை எடுத்து வந்தாள். கடைக்குத் திருப்பத்தான் என்று நினைத்து மாமனார் உடையாத கையை நீட்டினார். அவள் தரவில்லை. இரண்டு காதிலும் போட்டுக்கொண்டாள்.

"நல்ல ராசியான கல்லுப்பா" என்றாள். "தாலி ஏறுறதுக்கு முன்னாடியே ஆள் யாருன்னு காட்டிக் குடுத்துடுச்சி. நாமளே வெச்சிக்கலாம்."