எமிலியானுஸ் அண்ணை சொன்ன விலை

எமிலியானுஸ் அண்ணையோடு கோபம் வராமல் ஒரு கிழமை பழகினவர், நாங்கள் வந்து குடியேறிய லோசான் நகரில் யாரும் இல்லை. கோபத்துக்குக் காரணம் அவருடைய உதவிதான். யாருடைய அலுமாரியையும் மூன்றாம் மாடிக்குத் தூக்கிக் கொடுப்பார். கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விடுவார். வீட்டுக்காரர்தான் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எண்பத்தெட்டில் அவர் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையை மூடினார்கள். வேலையில்லாதவர்களுக்கான பணம், எங்கள் ஆட்கள் வாயில் ஷோமாஜ், வரத் தொடங்கியது. வேறொருவர் என்றால் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார். இவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பணத்துக்காக அலுவலகத்துக்கு அட்டையில் முத்திரை குத்தப் போகிற நாட்களில் சட்டையை அயன் பண்ணி, ஞாயிறு பூசைக்குப் போகிற மாதிரி உடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போவார்.

“வேலை செய்யாமல் வாங்கித் தின்னுறது ஒரு சீவியமோ, தம்பி?”

“உங்கட சம்பளத்தில வெட்டின காசுதான் அண்ணை திரும்பி வருது” என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. அவருடைய மனைவி றோசலின் அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். வாடகை அந்தப் பணத்தில்தான் போனது.

குளிர் விட்டதும் அண்ணை ஏரிக்கரையில் இருக்கிற ஊஷித் துறைமுகப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அங்கே கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் அடியை ரொஷா என்ற கிழவர் சுரண்டிக்கொண்டிருந்தார். இடுப்புப் பிடிப்பு அவரைக் குனியவும் விடவில்லை, நிமிரவும் விடவில்லை. அண்ணை போய்ச் சுரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முழுப் படகுக்கும் நிறம் பூசித் தருகிறாயா, ஒப்பந்தமாக எடுத்துச் செய், என்ன விலை என்று ரொஷா கேட்டார். அண்ணை சிரித்துக்கொண்டு விலையெல்லாம் வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்.

ஊரில், பேசாலை மீன்பிடிக் கரையில் வளர்ந்த மனிதர் அவர். அங்கே ஒருவன் வள்ளத்துக்கு நிறம் பூசினால் பக்கத்து வீட்டான் எல்லாம் வந்து இறங்குவான். அதற்குக் கூலி கேட்பது முகத்தில் அடிப்பது போல. ஊஷியிலும் அப்படித்தான் என்று நினைத்து இரண்டு கிழமை அந்தப் படகோடேயே கிடந்தார். ரொஷா முதலில் பக்கத்தில் இருந்து கதை கொடுத்தார். பிறகு வருவதைக் குறைத்தார். கடைசியில் ரொட்டியையும் வைனையும் வைத்துவிட்டு முகம் பாராமல் போகத் தொடங்கினார். அண்ணை அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த முறை முத்திரை குத்தப் போனபோது, பிரெஞ்சு காணாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“ரெண்டு கிழமை வேலை செய்தனான், கூலி ஒண்டும் இல்லையெண்டு சொல்லும்.”

சொன்னேன். அங்கிருந்த பெண் பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். சொந்தமாகச் சின்ன ஒப்பந்தம் எடுப்பதில் பிழையே இல்லை, உழைத்ததைச் சொன்னால் அதைக் கணக்கில் எடுத்து மிச்சத்தைத் தருவோம் என்றாள். ஆனால் இவ்வளவு வேலையைச் சும்மா செய்ததாக எழுத முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கூலி என்னவென்று தெரியாவிட்டால் இந்த மாதப் பணத்தை நிறுத்த வேண்டிவரும். பாவம், அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள்.

“என்னைக் கள்ளனெண்டு நினைச்சிட்டாளோ?” என்று பஸ்ஸில் கேட்டார்.

“நினைக்காமல்? இந்த ஊரில ஆர் அண்ணை சும்மா வேலை செய்யிறது?” எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் றோசலின் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குக் கேக்க வெக்கமெண்டால் நான் இந்த வயித்தோட வந்து கேக்கிறன்.”

“நீ சும்மா இரு.”

“அப்ப சொல்லிப் பழகுங்கோ. நான்தான் ரொஷா.” கதிரையில் நிமிர்ந்து இருந்து, நாடியைத் தூக்கிக்கொண்டார்.

அண்ணை ஒரு விலை சொன்னார். அது தூரிகைக்கும் காணாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“என்ர மனிசன்ர கை அவ்வளவு மலிவோ?” என்றார்.

அண்ணை தன் கைகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, நியாயமான ஒரு விலையைச் சொன்னார்.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் ரொஷாவுக்கு முன்னால் நின்று, மறந்துவிடுமோ என்ற பயத்தில், அதே விலையைப் பிரெஞ்சில் ஒரே மூச்சில் ஒப்பித்தார். கிழவர் பேரம் பேசவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். பிறகுதான் பேசினார், அதை நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்: இடுப்பு உடைந்த கிழவன் என்று இரங்கிச் செய்கிறாய் என்று நினைத்தேன். என் படகையே எனக்குப் பார்க்க வெட்கமாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்க அதைவிட வெட்கம்.

கூலி இவ்வளவு என்று அலுவலகத்துக்கு எழுதித் தந்தார். அண்ணையின் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். படகைச் சுற்றிச் சுற்றி வந்து, பூச்சைத் தடவிப் பார்த்து, வளவளவென்று கதைத்தார்.

இரண்டு பேரும் திரும்பி நடந்து வந்தோம்.

“எல்லாம் சரிவந்திட்டுது அண்ணை, இனிக் காசை நிப்பாட்ட மாட்டினம்” என்றேன்.

அண்ணை ஏரிக்கரைப் படியில் குந்திவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, சும்மா வாங்க வைச்சு நான் அந்த மனிசனை ரெண்டு கிழமை ஷோமாஜில விட்டிட்டன்” என்றார்.