கடுக்காய் உடைத்த கை

"முனியம்மா, உன் பொண்ணு கை பட்டா பலப்பமே கறுத்துப்பூடும். அதுக்கு இஸ்கூல் இன்னாத்துக்கு?"

ஆம்பூரில் என் அம்மா வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பின் காதர் மேஸ்திரி இப்படிச் சொன்னபோது எனக்கு ஏழு வயது. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மேஸ்திரி முன்னால் வேறென்ன செய்வாள்? ஆனால் மறுநாள் காலையில் என்னைக் கொண்டுபோய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

இந்த வருஷம் டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. கை பார்த்தல்

தோல் பதனிடக் கடுக்காய்த் தண்ணீர் வேண்டும். பள்ளி விட்டதும் நான் ஷாப்புக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து கடுக்காய் உடைப்பேன். ஈரக் கையில் கடுக்காய்ச் சாறும் சுத்தியலின் இரும்பும் சேர்ந்து விரலெல்லாம் கறுப்பு ஏறிவிடும்.

பள்ளியில் தினமும் மணி அடித்ததும் டீச்சர் கை பார்ப்பார். என் முறை வந்ததும், "போய்க் கழுவிட்டு வா" என்பார். கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து நீட்டுவேன்.

"கழுவினியா?"

"கழுவினேன் டீச்சர்."

"பொய் வேறயா? வெளியே நில்லு."

முதல் மணி கணக்கு. அது முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. எனக்குத் தமிழ் நன்றாக வந்தது, பூகோளம் வந்தது. கணக்கு மட்டும் வரவில்லை.

அம்மாவுக்கு இது தெரிந்த அன்று, ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒரு சிரட்டை சுண்ணாம்பு அள்ளி வந்தாள். "மாட்டுத் தோல்ல மயிரே உதிர்ந்துபூடுது, இந்தக் கறை போவாதா?" என்று என் கையில் தேய்த்தாள். தோல் உரிந்தது. பத்து நாள் பலப்பம் பிடிக்க முடியவில்லை. கறை போகவில்லை, முன்னைவிட அதிகமாகவே கறுத்தது. என் கையைத் தன் மடியில் வைத்து ஊதிக்கொண்டே, "எங் கையில போவாத கறை உங் கையில போவும்னு நெனச்சுட்டேனே" என்று அம்மா அழுதாள்.

கணக்கை நான் எட்டாம் வகுப்பில் திரும்ப முதலிலிருந்து படித்தேன். பாஸும் ஆனேன்.

2. நான் செய்த காரியம்

வேலூர் ட்ரெயினிங் பள்ளியில் எங்களுக்குப் பாடம் நடத்திப் பழக ஒரு மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். எங்கள் பாடங்களை மேற்பார்வை பார்த்த தலைமையாசிரியை அம்மாள் கண்டிப்பானவர். ஒவ்வொரு பாடமும் கை பார்ப்பதில் தொடங்க வேண்டும், அதற்குத் தனி மார்க்.

அந்த வகுப்பில் காசி என்று ஒரு பெண். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்பில் அவள் அம்மாவுக்கு வேலை. கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என்ன கறை என்று. தெரிந்தும் அந்த வாரத்தில் நான்கு நாள் அவளை வெளியே அனுப்பினேன். மார்க்குக்காக அனுப்பினேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு கடைசிப் பரீட்சைப் பாடம் வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்து பார்ப்பார். அதில் தவறினால் சர்டிபிகேட் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கடுக்காய்தான். எனக்கு வந்த தலைப்பு 'மை'. மேஜைமேல் மை காய்ச்சக் கடுக்காயும் அன்னபேதி உப்பும் வைத்துக்கொண்டு கை பார்க்க ஆரம்பித்தேன்.

காசி கையை நீட்டவே இல்லை. தானாக எழுந்து கதவுப்பக்கம் நடந்தாள்.

"எங்கே போறே?"

"வெளியே டீச்சர். நீங்க சொல்றங்காட்டியும் நானே போய்ட்றேன்."

வகுப்பு சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, போகட்டும் என்று கண்ணைக் காட்டினார். நான் கரும்பலகைத் துணியை அலசிப் பிழிந்து, காசியின் கையை அழுத்தித் துடைத்தேன். துணியை எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன். அதில் ஒன்றும் ஒட்டவில்லை.

"துணியில வந்தா அழுக்கு. வரலைன்னா அது வேலை செஞ்ச கை. காசி, இப்படி வா. இதுல நல்ல கடுக்காய் எது?"

அவள் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள். "இது லேசா கீது டீச்சர், சொத்தை. இதையா காசு குடுத்து வாங்குனீங்க?" என்றாள். நல்லதாக நாலு எடுத்து ஒரே அடியில் உடைத்தாள்.

உடைத்ததைக் காய்ச்சினோம். பழுப்புத் தண்ணீர் வந்தது. அதில் அன்னபேதியைப் போட்டதும் கறுத்துவிட்டது.

"அன்னபேதியில இரும்பு இருக்கு. இரும்பும் கடுக்காயும் சேர்ந்தா இந்தக் கறுப்பு. இதை வேற எங்கே பார்த்திருக்கீங்க?"

வகுப்பு யோசித்தது. காசி தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் தன் விரலில் இருந்த மைக்கறையைப் பார்த்தார். "இது கழுவினா போகுமா அம்மா?" என்று காசியைக் கேட்டார்.

"போவாதும்மா. நகம் வளந்துதான் போவணும்."

கை பார்த்தலுக்கு எனக்கு மார்க் இல்லை. அந்த இடத்தில் தலைமையாசிரியை ஒரு கோடு போட்டிருந்தார். பாடத்தில் பாஸ். எங்கள் ட்ரெயினிங் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்குத்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

3. இப்போது

ஆம்பூரிலேயே வேலை கிடைத்தது. கையில் கறை இருக்கிற பெண் நம் வகுப்புக்கும் வருவாள். துடைத்துப் பாருங்கள். வெளியே அனுப்பிவிட்டு அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதாதீர்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

போன சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் பழைய தோல் ஷாப்புக்குப் போனேன். காதர் மேஸ்திரிக்குத் தாடி நரைத்துவிட்டது. எழுந்து நின்றார்.

"வாங்க டீச்சரம்மா. இன்னா வேணும்?"

"பள்ளிக்கு மை காய்ச்சணும் பாய். ரெண்டு படி கடுக்காய் வேணும். அதை உடைக்கிற பொண்ணுங்களும் வேணும்."

அவர், இன்னும் அங்கேயே கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா சுத்தியலைக் கீழே வைக்காமல், "குடு மேஸ்திரி, பலப்பம் ஒண்ணும் கறுக்கல" என்றாள். இந்தத் தடவை மேஸ்திரிதான் முதலில் சிரித்தார்.

திங்கட்கிழமை ஒன்பது பெண்களின் பெயரை ரிஜிஸ்டரில் எழுதினேன். கை பார்த்தேன், துடைத்தேன், எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தேன். முதல் மணி கணக்கு.