பைகளைப் பார்த்துக்கொண்டவள்

துணிக்கடையில் அவளுக்கு டோக்கன் அக்கா என்று பேர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு கூண்டு, அதற்குள் இருநூற்று நாற்பது அறைகள் கொண்ட இரும்பு அலமாரி. வருகிறவர்களின் பையை வாங்கி ஓர் அறையில் திணிப்பாள், எண் போட்ட டோக்கனை நீட்டுவாள். திரும்பிப் போகும்போது டோக்கனை வாங்கிக்கொண்டு பையைக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரே ஒரு தடவை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பையில் இருந்தது ஒரு பழைய குடையும் குழந்தைச் செருப்பும்தான். ஆனாலும் மேனேஜர் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தித் தீர்த்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு பை தவறியதில்லை.

கூடப் படித்த மூன்று பேர் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றதும், கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் லீவு வாங்கினாள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ். மூன்றாமவள் ஒல்லி. பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். உடம்பு மாறிவிட்டது, பேர் மாறவில்லை.

டோக்கன் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான். நகரத்தின் நடுவில் நிற்கும் டவரின் உச்சிக்குப் போய், அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும். பை கொடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாம், "டவர்லேர்ந்துதான் நேரா வர்றோம், அப்பப்பா!" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வயிற்றெரிச்சலே வந்துவிட்டது. அவர்கள் பையைத் தூக்கி வைத்தவள் அதே ஊர்க்காரி, ஒரு தடவைகூட ஏறியதில்லை.

காலையில் மியூசியம். பையோடு உள்ளே விடமாட்டேன் என்றார் வாசலில் இருந்த காவல்காரர். பை வைக்கும் அறை பூட்டியிருந்தது. மூவரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ பாத்துக்கோடி. உனக்குத்தான் பழக்கம். பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்றாள் டீச்சர்.

பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அடுத்தது கடைத்தெரு. முதல் சில கடைகளிலேயே நாலு பை எட்டுப் பையாகியிருந்தது. இத்தனையும் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைய முடியாது என்று, மூடியிருந்த ஒரு கடையின் படியில் அவளை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பாத்ரூம் போக வேண்டியிருந்தது. எட்டையும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. மூன்று பேருக்கும் போன் போட்டாள். அந்த இரைச்சலில் யார் எடுக்கப் போகிறார்கள்? காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லீவு போட்டும் கூண்டுக்குள்தான் இருக்கிறேன் என்று தோன்றியதும் அழுகை முட்டியது.

ஒல்லி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "என் பையக் குடுடி, கண்ணாடிய அதுலயே விட்டுட்டேன்."

"டோக்கன்?" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒல்லி சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மற்ற இருவரிடமும் இதைச் சொல்ல ஓடினாள். பாத்ரூம் விஷயத்தை அவளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

வழியில் ஒரு ஹோட்டலில் அவள் பாத்ரூம் போய்விட்டு வந்து, டவருக்கு வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். அங்கேயும் பைக்கு அனுமதி இல்லை. இந்தத் தடவை அவள் விடுவதாக இல்லை.

"காலையிலேர்ந்து நான் ஒண்ணையும் பாக்கல. இதுக்காகத்தான் லீவே போட்டேன். கடைசி லிஃப்ட் அஞ்சரைக்கு. நான் போகணும்."

"யாருடி வேண்டாங்கிறா?" என்றாள் நர்ஸ். "நாங்க மொதல்ல போயிட்டு வந்துடறோம். அப்புறம் நாங்க பைகிட்ட இருக்கோம், நீ நிதானமா பாத்துட்டு வா."

அவர்கள் இறங்கி வந்தபோது ஐந்து இருபத்தெட்டு. லிஃப்ட்காரர் கதவில் கை வைத்துவிட்டார். அவள் எழுந்து ஓடினாள். பாதி தூரம் போய்த் திரும்பி, "அந்த செவப்புப் பைக்கு ஜிப் சரியில்ல! மூணு பேரும் ஒரே நேரத்துல எங்கயும் போயிடாதீங்க!" என்று கத்தினாள்.

"போடி, போ! ஓடிடாது!" என்று டீச்சர் விரட்டினாள்.

மேலே சுற்றிலும் கண்ணாடி. பத்து நிமிஷம்தான் என்று அறிவித்தார்கள். கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடியது; அங்கேதான் கடல். அவளும் அந்தப் பக்கம்தான் திரும்பினாள். ஒல்லி போனில் பேச ஆரம்பித்தால் உலகமே மறந்துபோகுமே என்று ஒரு நினைப்பு. கீழே பையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று, வாசல் இருந்த எதிர்ப்பக்கம் நடந்தாள்.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே தேடினாள். வாசல் தெரிந்தது, படி தெரிந்தது, படியில் எள் சிந்தினாற்போல ஏதோ தெரிந்தது. அது பைதானா? பக்கத்தில் யாரையும் காணோமே. ஐஸ்கிரீம் வண்டியிடம் மூன்று புள்ளிகள் நின்றன. அவர்களாகத்தான் இருக்கும். பாவிகள்! பையை எண்ணிப் பார்த்தாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஆறு.

"அம்மா, கடல் அந்தப் பக்கம்" என்றாள் யாரோ ஒரு பெண்.

"தெரியும்மா. இதோ, ஒரு நிமிஷம்."

மணி அடித்தது. எல்லாரையும் லிஃப்டுக்குள் ஏற்றினார்கள்.

கீழே எட்டுப் பையும் வைத்தது வைத்தபடி இருந்தது. மூவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டியில் நின்றது வேறு யாரோ.

"எப்படிடி இருந்துச்சு? கடல் பாத்தியா?" என்று ஆசையாகக் கேட்டாள் ஒல்லி.

"பைதான் பாத்தேன்" என்றாள் அவள்.

மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை. கீழே பார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.